நீலம் ஏறிய உளி

மூன்றாவது அடியில் உளியின் வாய் மடங்கிவிட்டது.

இனிகோ கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உளியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காலையில்தான் சாணை பிடித்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்து, முன்கை மயிரை மழித்துச் சோதித்துவிட்டு எடுத்த உளி. இப்போது அதன் வாய் ஒரு பக்கமாகத் துவண்டு, தகர டப்பாவின் விளிம்பு போலச் சுருண்டிருந்தது. தெறித்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். வைரம் பாய்ந்த புளிய மரத்தில் அடிக்கும்போது உளி சில சமயம் பல் தெறிக்கும். இது தெறிக்கவில்லை, மடங்கியிருந்தது. நல்ல எஃகு மடங்காது.

அதே உளி, அதே மரம், அதே கை. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை இதே உளி காலையிலிருந்து சாயங்காலம் வரை மழுங்காமல் நின்றிருக்கிறது. மாறியது ஒன்றுதான். மூலையில் கிடந்த கைச்சாணைக்குப் பதிலாக மேசை மேல் மின்சாரச் சாணை வந்திருந்தது. அது வந்த நாளிலிருந்து எந்த உளியும் நிற்கவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

கஞ்சிச் சட்டியோடு வந்த மகள் ஆக்னஸ் வாசலிலேயே நின்றாள்.

"போச்சாப்பா?"

"போச்சு."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். கைச்சாணையின் மேல் போர்த்தியிருந்த சாக்கை எடுத்து மடித்தாள். கல்லுக்கு அடியிலிருந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

இனிகோவின் வேலை கப்பி செய்வது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணிகளில், பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஒரு மர உருளையின் மேல் ஓடும். அந்த உருளையும் அதைத் தாங்கும் மரக்கூடும் சேர்ந்ததுதான் கப்பி. கூட்டின் நடுவில் உருளை நுழைய ஆழமான பொந்து வெட்ட வேண்டும். அதை உளியால்தான் வெட்ட முடியும். உளி மழுங்கினால் பொந்து கோணும். பொந்து கோணினால் உருளை உரசும். உருளை உரசினால் காற்றடிக்கிற நேரத்தில் பாய் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

கைச்சாணை ஒன்றரை அடிக் குறுக்களவுள்ள மணற்கல். அதன் அடிப்பாகம் தொட்டித் தண்ணீரில் நனைந்துகொண்டே சுற்றும். உளியை ஒரே சரிவில் பிடித்து நிறுத்த இரண்டு கையும் வேண்டும். ஆகவே சுற்றுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். முதலில் சுற்றியது மனைவி மரியசெல்வி. அவள் காய்ச்சலில் போன பிறகு அந்தப் பலகையில் ஆக்னஸ் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போது இருபத்திரண்டு.

சுற்றும்போது அவள் ஜெபமாலை சொல்வாள். "அருள் நிறைந்த மரியே" என்று முதல் பாதியை அவள் தொடங்க, மறுபாதியை உளியிலிருந்து கண் எடுக்காமல் இனிகோ முடிப்பார். அம்மா விட்டுச்சென்ற வழக்கம் அது. கைப்பிடியும் அந்த ஜெபத்தின் வேகத்தில்தான் சுற்றும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஆக்னஸ் திருச்சியில் கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். இனிகோ மறுநாள், "ஒங்க அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்று மட்டும் சொன்னார். மடத்தில் சேர்ந்தால் லேசில் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மாதா திருவிழா முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். திருவிழா முடிந்து கொடியும் இறக்கியாகிவிட்டது. ஆக்னஸ் போகவில்லை.

"ஒரு உளி ஒரு நாள் முழுக்க நிக்கட்டும்ப்பா. மறுநாள் நான் ரயில் ஏறிருதேன்" என்றாள். அப்பாவை மழுங்கிய உளியோடு விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மடத்திலிருந்து இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு என்று இப்போது சொல்லிவிட்டார்கள்.

அவள் போக வேண்டும் என்பதற்காகத்தான் இனிகோ மிஷினே வாங்கினார். இரும்புச் சாமான் விற்கும் தளவாய் கடையில் அன்று இரண்டு சாணை மிஷின்கள் இருந்தன. ஒன்று பளபளப்பாக மேசை மேல் இருந்தது. இன்னொன்று கீழே மூலையில் தூசி படிந்து கிடந்தது.

"அது வேண்டாம் அண்ணாச்சி" என்றார் தளவாய். "அது சோம்பேறி மிஷின். இது சுத்துறதுல பாதிதான் சுத்தும். அதுபோக கல்லு சுண்ணாம்புக்கட்டி கணக்கா கரையுதுன்னு வாங்குன ஆளு திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டான். இதப் பாருங்க, நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்து. நீங்க உளிய நீட்டுதத்துக்குள்ள வேல முடிஞ்சிரும்."

"தண்ணி ஊத்தலாமா?"

"கரண்டு மிஷின்ல தண்ணியா? ஒங்க மக மடத்துக்குப் போகுறதுக்கு முன்னால நீங்க மேல போயிருவீங்க."

வேகமானதையே வாங்கினார். முதல் நாள் பொறி பறந்தது. அப்பாவும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். உளியின் வாயில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது. பிறகு அது தவிட்டு நிறமாகி, கத்தரிப்பூ நிறமாகி, கடைசியில் அழகான நீலமாக நின்றது.

"அப்பா, மாதா அங்கி நெறம்!" என்றாள் ஆக்னஸ்.

இனிகோவுக்கும் அப்படித்தான் பட்டது. சீமைக் கடிகாரத்தின் வில்லும் அந்த நிறம்தான். ஆகவே அது நல்ல எஃகின் அடையாளம் என்று நினைத்தார். அன்றிலிருந்து நீலம் வருகிறவரை அவர் உளியைக் கல்லிலிருந்து எடுப்பதில்லை. வராவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வந்ததும் வாளித் தண்ணீரில் முக்கினார்.

இனிகோவின் அக்கா பிளாரன்ஸ் அடுத்த தெருவில் இருந்தாள். உளி மடங்கிய அன்று மாலை மீன்குழம்போடு வந்தவள் கைச்சாணை ஓடுவதைப் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏளா ஆக்னஸ், நீ சாமியாரம்மா ஆவியோ, இல்ல சாணைக்கல்லுக்கே வாக்கப்படுவியோ?"

"மிஷின் சரியில்லத்த."

"மிஷினுக்கு என்ன கேடு? அத ஓட்டுத மனுசனுக்குத்தான் கேடு." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏலே, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. புள்ளைய விட மனசில்லாம நீதானல உளிய கெடுக்க?"

"வாய மூடுக்கா."

"ஊரே சொல்லுது. தோணித்துறையில கேட்டுப் பாரு. இனிகோ மவளக் கட்டி வைக்கதுக்கு கரண்டு கம்பிய வாங்கிப் போட்டிருக்கான்னு சிரிக்காவ."

அவள் போன பிறகு ஆக்னஸ் கைப்பிடியை விடாமல் தலைகுனிந்தபடி கேட்டாள்.

"அப்படியாப்பா?"

இனிகோ இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் உளியை அழுத்தும் தன் பெருவிரல் நினைவுக்கு வந்தது. அது எதற்காக அவ்வளவு அழுத்துகிறது? நீலத்துக்காகவா?

"எனக்கே தெரியல தாயி" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்கல் வந்தான். கொழும்புத் தோணி ஒன்றின் தண்டல் அவன். தோணியை நடத்திப் போகிறவனைத் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். கையிலிருந்த கப்பியைத் தொப்பென்று மேசையில் போட்டான்.

"ஓய், நீரு செஞ்சது கப்பியா, அடுப்பா?"

உருளையில் கயிறு ஓடும் பள்ளம் கன்னங்கரேலென்று கருகியிருந்தது. தொட்டால் கரி ஒட்டியது.

"என்னல செஞ்ச?"

"நான் என்னத்தச் செய்ய? மன்னார் பக்கம் வரும்போது காத்து சட்டுனு தெச மாறிட்டு. பாய எறக்குங்கலேன்னு கத்துனேன். பயலுவ கயித்த அப்படியே விட்டுட்டானுவ. பாய் சர்ருனு வந்து விழுந்துச்சு. கப்பியில பொகை பாரும், பீடி பத்த வச்சிருக்கலாம்."

"தெனமும் இதே கயிறுதான?"

"இதே கயிறு, இதே பாய்."

"தெனமும் ஏன் கருகல?"

பாஸ்கல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "தெனமும் நாலு பேரு புடிச்சு மெல்ல எறக்குவோம். அன்னைக்கு வேகமாப் போயிட்டு. வேகமாப் போனா சுடாதா ஓய்? இதுகூடத் தெரியாமத்தான் கப்பி செய்யுதீரா?"

வேறு கப்பியை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். இனிகோ கருகிய உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதே கயிறு, அதே பாய், அதே மரம். மாறியது வேகம் ஒன்றுதான்.

மடங்கிய உளியை எடுத்தார். ஒரு சின்ன அரத்தை எடுத்து உளியின் நடுப்பகுதியில் தேய்த்தார். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கியது. நீலம் ஏறிய வாயில் தேய்த்தார். அரம் கறுக்கென்று கடித்து இரும்புத்தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான் விஷயம். உளி முழுவதும் எஃகாக இருந்தது. அந்த நீல விளிம்பு மட்டும் ஆணி இரும்புபோல் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. எஃகுக்கு நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்த கடினம், மறுபடி சூடேறினால் இறங்கிப் போகும். எவ்வளவு இறங்கியது என்பதை நிறம் காட்டும். வைக்கோல் நிறம் வரை பயமில்லை. நீலம் வந்துவிட்டால் கடினம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு தண்ணீரில் முக்கினால் உளி குளிரும், போன கடினம் திரும்பாது.

வேகத்தை மனதில் கணக்குப் போட்டார். கைச்சாணைக் கல்லைக் கழற்றி, ஆக்னஸ் சுற்றுகிற வேகத்திலேயே பனிமய மாதா கோயில் வாசலிலிருந்து உருட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிமிஷத்தில் அது கோயில் முற்றத்தைத்தான் கடந்திருக்கும். மிஷின் கல் சின்னது, ஆறு அங்குலம். ஆனால் அதை அதன் வேகத்தில் உருட்டிவிட்டால் அதே ஒரு நிமிஷத்தில் ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவ்வளவு தூரமும் உளியின் வாயை உரசிக்கொண்டே போகிறது, தண்ணீர்கூட இல்லாமல்.

பதில் கிடைத்துவிட்டது. இனிகோ சுற்றிலும் பார்த்தார். பட்டறையில் யாருமில்லை. உருளையை மரச்சீவல் குவியலுக்குள் செருகினார்.

மத்தியானம் சாப்பிடும்போது, "எதாச்சும் புடிபட்டுச்சாப்பா?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

"இல்ல."

சாயங்காலம் அவள் கைச்சாணையைச் சுற்றினாள். உளியைப் பிடித்திருந்த இனிகோவின் கண் அவளுடைய கையில் போய் நின்றது. உள்ளங்கையில் நான்கு இடத்தில் காய்ப்பு. தோள் வலிக்கும்போது கையை மாற்றிப் பிடிப்பாள், அதனால் இரண்டு கையிலும் இருந்தது. அவள் முதல் பாதியைச் சொல்லி முடித்துக் காத்திருந்தாள். மறுபாதி வரவில்லை. கல் நின்றது.

"அப்பா?"

"ம்... சொல்லுதேன்" என்றார். சொன்னார். கல் மறுபடி சுற்றியது.

மறுநாள் காலையில் ஆக்னஸ் பட்டறையைப் பெருக்கினாள். சீவலை அடுப்புக்கு அள்ளும்போது உருளை கையில் தட்டுப்பட்டது.

"இது என்னப்பா, குப்பைக்குள்ள கெடக்கு? கருகிப் போயிருக்கு."

கழித்துப் போட்டது என்று சொன்னால் அவள் அடுப்பில் போட்டுவிடுவாள். அது நன்றாக எரியும். இனிகோ அவளையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாஸ்கல் கொண்டாந்தான். கயிறு வேகமா ஓடி கருகிருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம உளியும் அப்படித்தான். கல்லு கெட்ட கல்லு இல்ல, உளியும் கெட்ட உளி இல்ல. வேகந்தான். அந்த நீலம் மாதா நெறம் இல்லளா. உளி செத்த நெறம்."

ஆக்னஸ் உருளையின் கரியை விரலால் தடவினாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து. பாஸ்கல் வந்துட்டுப் போனதும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று மத்தியானம் அவள் கேட்டதையும் அவர் இல்லை என்றதையும் இருவருமே எடுத்துச் சொல்லவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே முந்தானையால் உருளையையும் துடைத்து மேசையில் வைத்தாள்.

"கடைக்கு நானும் வாரேன்" என்றாள்.

தளவாய் மூலையில் கிடந்த மிஷினை இழுத்து வெளியே போட்டார். "எடுத்துக்கிடுங்க. அதக் குடுத்துட்டு இத எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளைக்கு இதையும் தூக்கிட்டு வந்தா நான் கடைய மூடிட்டு மடத்துக்குப் போயிருவேன்."

"ஒங்கள மடத்துல சேக்க மாட்டாவ அண்ணாச்சி" என்றாள் ஆக்னஸ்.

இனிகோ உடனே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டச் சொன்னார். வேகமானது கீச்சென்று கத்தியது, சோம்பேறி மிஷின் தேனீ போல முனகியது. கொண்டுபோயிருந்த பழைய உளியை முதலில் வேகமானதன் சாம்பல் நிறக் கல்லில் வைத்தார். விளிம்பில் விரல் வைத்திருக்க முடியவில்லை. பிறகு மற்றதில் வைத்தார். அதன் வெள்ளைக் கல்லிலிருந்து மாவு உதிர்ந்தது. விரல் பொறுத்தது.

"பாருங்க, கரையுது" என்றார் தளவாய்.

"கரையட்டும். நம்ம கைச்சாணையும் கரையத்தான செய்யும்? தொட்டியில சேறு எங்கருந்து வருது?"

அந்தக் கடைக்குள்ளேயே அவருக்கு அது விளங்கியது. கல் என்பது பொடிப்பொடியான பற்கள் சேர்ந்தது. கெட்டியான கல்லில் பல் மழுங்கினாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். மழுங்கிய பல் வெட்டாது, தேய்க்கும், சூடாக்கும். மென்மையான கல்லில் மழுங்கிய பல் உதிர்ந்து, அடியிலிருந்து புதுப் பல் வரும். புதுப் பல் வெட்டும், அவ்வளவாகச் சுடாது. திருப்பிக் கொண்டுவந்த ஆள் எதைக் குறை என்று சொன்னானோ, அதுதான் உளிக்கு வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீலம் ஏறிய பகுதி முழுவதையும் கைச்சாணையில் தேய்த்து எடுத்தார்கள். மறுபடி உலையில் காய்ச்சித் தோய்க்காவிட்டால் அந்த எஃகுக்கு வேறு பரிகாரம் கிடையாது. ஆக்னஸ் சுற்றினாள், இனிகோ பிடித்தார், வழக்கம்போல ஜெபம் நடந்தது. கடைசி உளி முடிந்ததும் அவள் தொட்டித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுச் சாக்கைப் போர்த்தினாள். இனி அதைச் சுற்ற வேண்டியிருக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் புது மிஷினில் தீட்டிய உளியோடு புளிய மரத்தில் பொந்து வெட்டத் தொடங்கினார். ஆக்னஸ் பலகையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்து சும்மா இருந்தது அன்றுதான். பத்து மணிக்கும் உளி கூர் குறையாமல் நின்றது. கஞ்சி குடிக்கும்போதும் நின்றது. பிற்பகலில் இனிகோ ஒருமுறை கொட்டாப்புளியை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார். ஒரு முடிச்சு குறுக்கே இருந்தது. அங்கே கோணலாக ஒரு அடி அடித்தால் எந்த உளியும் தெறிக்கும். அவர் மரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, முடிச்சைச் சுற்றி மெல்ல வெட்டினார். வெயில் தாழ்ந்தபோது உளியை மகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கித் தன் முன்கையில் ஓட்டினாள். மயிர் உதிர்ந்தது.

"நிக்கிப்பா" என்றாள். உளியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ரயிலடிக்குப் பிளாரன்ஸும் வந்திருந்தாள். வழி முழுக்கத் தம்பியை வைதுகொண்டே வந்தவள், வண்டி நகர்ந்ததும் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "நான் வாயில வந்ததச் சொல்லுவேன்ல. நீ கொஞ்சம் கெடுத்துத்தான் வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். இனிகோ வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்து, மிஷினின் சுவிட்சைப் போட்டார். அது முனகியது. பேசினால் கேட்கும் அளவுக்குத்தான் சத்தம். உளியை வைத்ததும் பழக்கத்தில் காத்திருந்தார், முதல் பாதிக்காக. கல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அருள் நிறைந்த மரியே" என்று அவரே தொடங்கினார். மறுபாதியையும் அவரே சொன்னார்.

பாதி வேகத்தில் சுற்றும் மோட்டார். கரையக்கூடிய வெள்ளைக் கல். உளியை அழுத்தாமல் பிடித்து, ஒரு விரலை விளிம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். விரல் சூட்டை உணர்ந்தவுடன், நிறம் மாறுவதற்கு முன்பே, உளியை எடுத்து வாளியில் நனைக்க வேண்டும். இப்படிப் பிடித்தால் உளி ஒரு நாள் முழுக்க நிற்கும். இதற்கு ஒரு ஆள் போதும்.